கூடாரத்தோடு வந்த போட்டோக்காரர்

ஊர்க் கோடியில் ஒரு கூடாரம் எழும்பும். அவ்வளவுதான், ஊர்ச் சிறுவர்கள் எல்லோரும் அதை நோக்கி ஓடுவார்கள்.

வந்திருப்பது சர்க்கஸ் கம்பெனி அல்ல. நாடகக் கம்பெனியும் அல்ல. போட்டோ பிடிப்பவர் வந்திருக்கிறார்!

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் யூட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மலைகளும் வறண்ட சமவெளிகளும் நிறைந்த பிரதேசம் அது. சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்னால், அங்குள்ள சிற்றூர்களில் இப்படிக் கூடாரத்தோடு சுற்றி வந்தவர் ஜார்ஜ் எட்வர்ட் ஆண்டர்சன்.

அவர் ராஜாக்களைத் தேடிப் போகவில்லை. போர்க்களத்துக்கும் போகவில்லை. உழவரைப் படம் பிடித்தார். கொல்லரைப் படம் பிடித்தார். கடைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு நிற்கும் தாய், நாற்காலியில் உட்கார்ந்த பாட்டி ஆகியோரைப் படம் பிடித்தார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா?

அந்த மக்கள் சாதாரண மக்கள்தான். ஆனால் அன்றைய அமெரிக்கா அவர்களைச் சாதாரண மக்களாகப் பார்க்கவில்லை. பத்திரிகைகள் அவர்களைக் கேலிச் சித்திரம் போட்டுத் தாக்கின. பாதிரிமார்கள் பிரசங்கத்தில் கண்டித்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸில் அவர்களுக்கு எதிராகச் சட்டம் வந்தது. ஏனென்றால் அவர்கள் மார்மன்கள்.

மார்மன்கள் யார்?

1805-ம் ஆண்டு அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் பிறந்தார். ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பிறகு அந்தக் குடும்பம் நியூயார்க் மாநிலத்தில் பால்மைரா என்ற ஊருக்குப் பக்கத்தில் குடியேறியது.

1820-ம் ஆண்டில், வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு தோப்பில் பிரார்த்தனை செய்தபோது தமக்குத் தெய்வ தரிசனம் கிடைத்தது என்று ஸ்மித் சொன்னார். 1830-ம் ஆண்டில் மார்மன் நூல் என்ற புதிய வேத நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் ஒரு சபையையும் ஆரம்பித்தார். அந்த நூலின் பெயரை வைத்தே மற்றவர்கள் அவர்களை மார்மன்கள் என்று அழைத்தார்கள்.

பைபிள் இருக்கும்போது இன்னொரு வேதமா என்று மற்றக் கிறிஸ்தவர்கள் கோபம் கொண்டார்கள். மார்மன்கள் கூட்டமாக நிலம் வாங்கினார்கள். கூட்டமாக ஓட்டுப் போட்டார்கள். அதுவும் பிடிக்கவில்லை. எங்கே போனாலும் தகராறு எழுந்தது.

ஒகையோ மாநிலத்துக்குப் போனார்கள். அங்கே கோயில் கட்டினார்கள். அங்கிருந்தும் கிளம்ப வேண்டி வந்தது. மிசௌரி மாநிலத்துக்குப் போனார்கள். 1838-ம் ஆண்டில் அந்த மாநில கவர்னர், மார்மன்களை விரட்டுங்கள் அல்லது ஒழித்துக் கட்டுங்கள் என்று உத்தரவே போட்டுவிட்டார்! இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்ற நகரத்தைக் கட்டினார்கள். 1844-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, கார்த்தேஜ் என்ற ஊர்ச் சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது.

அதன் பிறகு பிரிகாம் யங் என்பவர் தலைவரானார். இனி யாரும் விரட்ட முடியாத இடத்துக்குப் போவோம் என்று முடிவு செய்தார். மாட்டு வண்டிகளில் ஆயிரம் மைலுக்கு மேல் பயணம். 1847-ம் ஆண்டு ஜூலை மாதம் பெரிய உப்பு ஏரி ஒன்றின் அருகே போய்ச் சேர்ந்தார்கள். மலை ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி வறண்ட பூமியில் தண்ணீர் பாய்ச்சினார்கள். கோதுமை விளைந்தது. நகரம் எழுந்தது. அதுதான் சால்ட் லேக் சிட்டி.

அது ஆளில்லாத பூமி அல்ல. அங்கே யூட், ஷோஷோனி முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்தார்கள். மார்மன் ஊர்கள் பெருகப் பெருக அவர்களுடைய நிலம் குறைந்துகொண்டே போனது. அடிபட்டு வந்தவர்கள் பிறரை அடித்த கதையும் உண்டு. 1857-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிப் பயணிகள் சுமார் 120 பேரை மார்மன் படையினர் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில் கொன்றுவிட்டார்கள். அந்தப் பழி நெடுங்காலம் அவர்களைத் தொடர்ந்தது.

பெரிய சண்டை

ஆனால் அமெரிக்கா முழுவதையும் கொதிக்க வைத்தது வேறு ஒரு விஷயம். ஓர் ஆண் பல பெண்களை மணக்கலாம் என்று மார்மன் சபை 1852-ம் ஆண்டில் பகிரங்கமாக அறிவித்தது. அது கடவுளின் கட்டளை என்றும் சொன்னது.

அமெரிக்க சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1862, 1882, 1887 ஆகிய ஆண்டுகளில் சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. 1879-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் சர்க்கார் பக்கமே தீர்ப்புச் சொன்னது. போலீசார் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறைக்குப் போனார்கள். பலர் தலைமறைவானார்கள். சபையின் தலைவராக இருந்த ஜான் டெய்லரே தலைமறைவாக இருந்தபடி 1887-ம் ஆண்டில் இறந்தார்.

கதாசிரியர்களுக்கும் இது நல்ல தீனியாயிற்று. துப்பறியும் சிங்கம் ஷெர்லக் ஹோம்ஸை எல்லோருக்கும் தெரியும். அவர் தோன்றிய முதல் நாவல் 1887-ம் ஆண்டில் வெளிவந்தது. அதிலே வில்லன்கள் யார் தெரியுமா? மார்மன்கள்தான்!

ஆக, மார்மன் என்றால் தாடி வைத்த கிழவர், அவரைச் சுற்றிக் கண்ணீர் வடிக்கும் பத்துப் பெண்கள் என்று வெளியுலகம் நினைத்தது. உண்மையில் பெரும்பாலான மார்மன் வீடுகளில் ஒரு கணவன், ஒரு மனைவிதான். பல மனைவிகள் உள்ள வீடுகளில் துயரமும் இருந்தது, பாசமும் இருந்தது. அங்கும் காலையில் அடுப்பு மூட்டினார்கள். பால் கறந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த அன்றாட வாழ்க்கையைக் கேலிச் சித்திரக்காரர்கள் வரையவில்லை. ஆண்டர்சனின் காமிரா அதைத்தான் பார்த்தது.

குருவும் சீடரும்

ஆண்டர்சன் 1860-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி சால்ட் லேக் சிட்டியில் பிறந்தார். மார்மன் குடும்பம்தான்.

அந்த நகரத்தில் அப்போது பேர் போன போட்டோக்காரர் ஒருவர் இருந்தார். அவர் சார்லஸ் ராஸ்கோ சாவேஜ். இங்கிலாந்திலே பிறந்தவர். இளம் வயதில் மார்மன் சபையில் சேர்ந்து கடல் கடந்து வந்தவர். 1869-ம் ஆண்டு மே 10-ந் தேதி, கிழக்கேயிருந்து வந்த ரயில் பாதையும் மேற்கேயிருந்து வந்த ரயில் பாதையும் யூட்டாவில் ஒன்று சேர்ந்தன. அமெரிக்காவையே இணைத்த அந்த நாளைப் படம் பிடித்தவர்களில் சாவேஜும் ஒருவர்.

ஆண்டர்சன் சிறுவனாக அவரிடம் வேலை பழகப் போனார். இருட்டறையைப் பெருக்குவது, கண்ணாடி துடைப்பது, மருந்து கலப்பது என்று தொழில் ஆரம்பமாயிற்று. அங்கே அவருக்கு இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவர் ஜான் ஹேபன். பிற்காலத்தில் பெரிய ஓவியரானார். இன்னொருவர் ஜான் பென்னெட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இவர் மறுபடியும் வருவார்.

17-வது வயதிலேயே ஆண்டர்சன் தம் சகோதரர்களோடு சேர்ந்து சொந்தமாக ஸ்டூடியோ திறந்தார். ஆனால் பெரிய நகரத்தில் போட்டியும் பெரிதாக இருந்தது. ரயில் எட்டிப் பார்க்காத ஊர்களில் போட்டோவையே கண்டிராதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நகரத்துக்கு வர முடியாது. அப்படியானால் ஸ்டூடியோவே அவர்களிடம் போகட்டும் என்று முடிவு செய்தார்.

கண்ணாடித் தகட்டில் படம்

இன்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் படம் வந்துவிடுகிறது. அன்று அப்படி இல்லை.

காமிரா என்பது ஒரு மரப்பெட்டி. மூன்று கால் தாங்கியின் மேல் நிற்கும். பிலிம் கிடையாது. அதற்குப் பதிலாகக் கண்ணாடித் தகடு. அதன் ஒரு பக்கத்தில் வெளிச்சம் பட்டால் மாறக்கூடிய மருந்து பூசியிருக்கும்.

சாவேஜ் தொழில் தொடங்கிய காலத்தில் இந்த மருந்தை அந்தந்த இடத்திலேயே பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் விட வேண்டும். காய்ந்தால் போச்சு! 1880-ம் ஆண்டு வாக்கில் உலர்ந்த தகடுகள் கடைக்கு வந்துவிட்டன. முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். எடுத்த படத்தைப் பிறகு கழுவலாம். ஊர் சுற்றும் போட்டோக்காரருக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதானே? கனம் அதிகம். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் உடையும். கரடுமுரடான மலைப் பாதையில், பெட்டி பெட்டியாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் ஆண்டர்சன் ஊர் ஊராகப் போனார்.

கூடாரத்துக்குள்ளே

கூடாரமே ஸ்டூடியோ. துணி வழியாக இறங்கும் வெயில் முகத்தில் இதமாக விழும். மின்சார விளக்கு இல்லை, சூரியன்தான் விளக்கு. பின்னால் வர்ணம் தீட்டிய ஒரு திரைச்சீலை தொங்கும். முன்னால் ஒரு நாற்காலி.

குடும்பம் குடும்பமாக வருவார்கள். பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல உடையை உடுத்தி வருவார்கள். தலையை ஈரம் தொட்டுப் படிய வாரியிருப்பார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் எல்லோரும் தலைகீழாகத் தெரிவார்கள். அசையக் கூடாது! அசைந்தால் படம் கலங்கிவிடும். அந்தக் காலத்துப் படங்களில் மனிதர்கள் விறைப்பாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஆண்டர்சன் கூடாரத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கவில்லை. காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். இங்கேதான் மற்றப் போட்டோக்காரர்களிடமிருந்து அவர் வேறுபட்டார்.

வீட்டுக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்தினார். வீடும் தெரியும், வேலியும் தெரியும், நட்டு வைத்த மரமும் தெரியும். கொல்லரை உலைக்களத்தில் பிடித்தார். வியாபாரியைக் கடைக்குள் பிடித்தார். ரயில் பாதை போடுகிறவர்களைப் பாதையின் மேல் பிடித்தார். சுரங்கத் தொழிலாளியைச் சுரங்க வாசலில் பிடித்தார். மனிதர் ஒருவரைப் பார்த்தால் அவர் எங்கே இருந்தார், என்ன செய்து பிழைத்தார் என்பதும் சேர்ந்து தெரிய வேண்டும். அதுதான் அவருடைய வழி.

அவர் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில்தான் போலீஸ் சோதனை உச்சத்தில் இருந்தது. தகப்பன் சிறையில் இருக்கும் வீடுகளும், தகப்பன் இரவில் மட்டும் வந்து போகும் வீடுகளும் அப்போது யூட்டாவில் ஏராளம். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு குடும்பம் போட்டோவுக்கு நிற்பது சாதாரண காரியம் அல்ல. முகம் தெரியாதவர் வந்து கேட்டால் கதவைச் சாத்தியிருப்பார்கள். ஆண்டர்சன் அவர்களில் ஒருவர். அதனால் கதவு திறந்தது.

1890-ம் ஆண்டில் சபைத் தலைவர் வில்போர்டு உட்ரப், இனிச் சட்டத்துக்கு விரோதமான திருமணங்கள் வேண்டாம் என்று அறிவித்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சண்டை ஓய்ந்தது. 1896-ம் ஆண்டில் யூட்டா முழு மாநில அந்தஸ்துப் பெற்றது. தலைமறைவு வாழ்க்கை முடிந்து, ஊர்கள் நிம்மதியாக மூச்சுவிட்ட காலத்தையும் ஆண்டர்சன் படம் பிடித்தார்.

இருநூறு சவப்பெட்டிகள்

1888-ம் ஆண்டில் ஆண்டர்சன் ஆலிவ் லௌரி என்ற பெண்ணை மணந்தார். மாண்டை என்ற ஊரில் குன்றின் மேல் கட்டப்பட்ட மார்மன் கோயிலில் திருமணம் நடந்தது. அந்தக் கோயில் 11 ஆண்டு உழைப்பில் எழுந்தது. அதே ஆண்டில்தான் திறந்தார்கள். பிறகு தம்பதி ஸ்பிரிங்வில் என்ற ஊரில் குடியிருந்தார்கள்.

1900-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி. ஸ்கோபீல்டு என்ற மலையூருக்குப் பக்கத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. நிலக்கரித் தூள் தீப்பிடித்து வெடித்தது. அன்று ஊரில் ஒரு விழா நாள். வெடிச் சத்தம் கேட்டதும், விழாவுக்குத்தான் வெடி போடுகிறார்கள் என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

உண்மை தெரிந்ததும் பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடினார்கள். அதிகாரிகளின் கணக்குப்படி இறந்தவர்கள் 200 பேர். வெடியில் சிக்கியவர்கள் பாதி. விஷ வாயுவில் மூச்சுத் திணறி மாண்டவர்கள் மீதி. ஒரே வீட்டில் தகப்பனும் பிள்ளைகளும் போனார்கள். மார்மன்கள் மட்டும் அல்ல, பிழைப்புத் தேடி பின்லாந்து நாட்டிலிருந்து வந்தவர்களும் அதிகம். யூட்டாவில் கிடைத்த சவப்பெட்டிகள் போதவில்லை. வெளி மாநிலத்திலிருந்து வரவழைத்தார்கள்.

ஆண்டர்சன் காமிராவோடு அங்கே போய்ச் சேர்ந்தார். வரிசை வரிசையாக வைத்திருந்த சவப்பெட்டிகளைப் படம் பிடித்தார். சுமந்தவர்களைப் பிடித்தார். குழி தோண்டியவர்களையும், புதைகுழி ஓரத்தில் நின்ற உறவினரையும் பிடித்தார்.

துக்க வீட்டில் காமிராவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படங்கள் இல்லாவிட்டால், அந்த 200 பேரும் வெறும் கணக்காகப் போயிருப்பார்கள். இன்று ஸ்கோபீல்டு விபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது ஆண்டர்சனின் படங்களைத்தான்.

ஓராண்டு யாத்திரை

மார்மன் சபையில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சபை அழைத்தால், வேலையையும் வீட்டையும் விட்டு வெளிநாட்டுக்குப் பிரசாரத்துக்குப் போக வேண்டும். சம்பளம் கிடையாது. செலவும் சொந்தச் செலவு.

1907-ம் ஆண்டில் ஆண்டர்சனுக்கு அழைப்பு வந்தது. இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அப்போது அவருக்கு வயது 46. மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். கையில் பணம் இல்லை. இருந்தாலும் கிளம்பிவிட்டார்.

கிளம்பியவர் நேரே கப்பலுக்குப் போகவில்லை. போகும் வழியில் தம் சபையின் பழைய இடங்களை எல்லாம் படம் பிடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். விரட்டப்பட்ட மக்கள் விட்டுவிட்டு வந்த இடங்கள் அவை. அறுபது, எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. பல கட்டடங்கள் இடிந்து கொண்டிருந்தன. அவற்றை நேரில் அறிந்த கிழவர்கள் ஒவ்வொருவராக மறைந்து கொண்டிருந்தார்கள்.

மிசௌரிக்குப் போனார். இல்லினாயில் நாவூ நகரத்தையும், ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்ட கார்த்தேஜ் சிறையையும் பிடித்தார். ஒகையோவில் கிர்ட்லாண்டு கோயிலைப் பிடித்தார். 1907-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பால்மைராவில் அந்தத் தோப்புக்குள் நுழைந்தார். நெடிய மரங்கள், இடையிடையே வெளிச்சம். அந்தப் படம் இன்று உலகெங்கும் மார்மன் புத்தகங்களில் காணப்படுகிறது. கடைசியில் ஜோசப் ஸ்மித் பிறந்த வெர்மாண்ட் மாநிலத்துக்கும் போனார்.

ஆக, ஜோசப் ஸ்மித்தின் கடைசி நாட்களிலிருந்து பிறந்த மண் வரைக்கும், கதையைப் பின்னோக்கி நடந்தே போய்விட்டார்! இதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்தது. வழியில் ஊராரைப் படம் பிடித்து விற்றுச் செலவுக்குச் சம்பாதித்தார். 1909-ம் ஆண்டில் இந்தப் படங்களில் சிலவற்றை மார்மன் சபையின் ஞாயிறு பள்ளிச் சங்கத்தார் புத்தகமாகப் போட்டார்கள்.

பிறகு இங்கிலாந்துக்குப் போய் 1911-ம் ஆண்டு வரையில் பிரசாரம் செய்தார். அது முடிந்ததும் ஊர் திரும்பினாரா? இல்லை. மறுபடியும் வெர்மாண்ட் மாநிலத்துக்குப் போனார். அங்கே சவுத் ராயல்டன் என்ற ஊரில் ஸ்டூடியோ வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். 1913-ம் ஆண்டில்தான் யூட்டாவுக்குத் திரும்பி வந்தார்.

வீட்டில் ஒரு வெற்றிடம்

ஆறு ஆண்டுகள்! அந்த ஆறு ஆண்டுகளும் குடும்பப் பாரம் ஆலிவின் தலையில் விழுந்தது.

எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தவர் ஆண்டர்சன். அப்பா இங்கே, அம்மா அங்கே, பிள்ளைகள் முன்னால் என்று ஒவ்வொருவரையும் இடம் பார்த்து நிறுத்தியவர். ஆனால் தம் சொந்த வீட்டில், அப்பா நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்.

திரும்பி வந்தவருக்குப் பழைய இல்லறம் திரும்பக் கிடைக்கவில்லை. விழுந்த விரிசல் விழுந்ததுதான். அவர் கெட்டவர் அல்ல. குடிக்கவில்லை, சூதாடவில்லை. ஆனால் ஒரு நல்ல காரியத்தின் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பவருக்கும், வீட்டில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் செய்த பணிக்குப் பாதி விலையை ஆலிவ்தான் கொடுத்தார். அந்த அம்மாளின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை நியாயமான கதை.

தொழிலும் பழையபடி இல்லை. ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனி 1900-ம் ஆண்டிலேயே ஒரு டாலர் விலையில் சின்னக் காமிராவைக் கொண்டு வந்துவிட்டது. சிறுவர்கள்கூட அதில் படம் எடுத்தார்கள். கூடாரத்துக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் காலம் முடிந்துகொண்டிருந்தது.

ஆண்டர்சன் நிறுத்தவில்லை. வயது ஏறியும் பயணம் குறையவில்லை. 1923-ம் ஆண்டில் கனடா நாட்டில் மார்மன் கோயில் திறந்தபோது அங்கே போனார். 1927-ம் ஆண்டு அக்டோபரில் அரிசோனா மாநிலத்தில் கோயில் திறந்தபோது அங்கேயும் போனார். அதுவே கடைசி நெடும் பயணம். 1928-ம் ஆண்டு மே 9-ந் தேதி இருதய நோயால் காலமானார். அப்போது வயது 67.

உடையாத கண்ணாடி

போட்டோக்காரர் போய்விட்டார். கண்ணாடித் தகடுகள் என்ன ஆயின?

குருவின் கதையை முதலில் கேளுங்கள். 1883-ம் ஆண்டில் சால்ட் லேக் சிட்டியில் தீப்பிடித்தது. சாவேஜின் ஸ்டூடியோவும் அதிலிருந்த தகடுகளும் நாசமாயின. அவர் மனம் தளராமல் மறுபடி தொடங்கினார். 1909-ம் ஆண்டில் இறந்தார். இரண்டு ஆண்டுக்குள் மறுபடியும் தீ! மிச்சம் இருந்த தகடுகளில் பெரும்பகுதி போயிற்று. பேரும் புகழும் பெற்ற குருவின் தகடுகள் சாம்பலாயின.

சீடர் ஏழை. அவருடைய தகடுகளோ பல இடங்களில் சிதறிக் கிடந்தன. இங்கேதான் ஜான் பென்னெட் மறுபடியும் வருகிறார். இளமையில் சாவேஜிடம் ஒன்றாக வேலை பழகிய அதே நண்பர். ஆண்டர்சனின் தகடுகள் அழிந்து போகாமல் காப்பாற்றுவதற்கு அவர் பெரிதும் பாடுபட்டார். இளமை நட்பு என்பது இதுதான்!

பிற்காலத்தில் ஸ்பிரிங்வில்லைச் சேர்ந்த ரெல் பிரான்சிஸ் என்ற போட்டோக்காரர் இந்தத் தகடுகளில் ஈடுபாடு கொண்டார். ஆண்டர்சனின் வாழ்க்கையை ஆராய்ந்து, அவருடைய யூட்டாப் படங்களை 1979-ம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் ஆண்டர்சனின் பெயர் வெளியுலகத்துக்கு நன்றாகத் தெரிந்தது. இன்று அந்தத் தகடுகள் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலும் சபையின் ஆவணக் காப்பகத்திலும் பத்திரமாக இருக்கின்றன.

படம் சொல்லும் நீதி

மார்மன் சபை இன்று எவ்வளவோ மாறிவிட்டது. பல மனைவிகளை மணக்கிறவர்களை இப்போது சபையே நீக்கிவிடுகிறது. மார்மன் என்ற பெயரும் வேண்டாம், சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018-ம் ஆண்டில் அதன் தலைவர் கேட்டுக்கொண்டார். மிசௌரி கவர்னர் போட்ட உத்தரவை, 138 ஆண்டு கழித்து, 1976-ம் ஆண்டில் அந்த மாநில கவர்னரே ரத்துச் செய்தார்.

அன்றைய சண்டையில் யார் பக்கம் நியாயம்? பலதார மணம் சரியல்ல என்று நாம் சொல்லலாம். மவுண்டன் மெடோஸில் நடந்தது படுபாதகம் என்றும் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஆண்டர்சனின் படங்கள் அந்தக் குற்றங்களை மறைக்கவில்லை, வாதாடவும் இல்லை. அது அவற்றின் வேலை அல்ல.

அவை காட்டுவது ஒன்றுதான். வாசலில் ஒரு குடும்பம் நிற்கிறது. தகப்பனின் கை உழைத்துக் காய்த்திருக்கிறது. தாயின் இடுப்பில் குழந்தை. ஒரு பையன் காலில் செருப்பில்லாமல் வெட்கத்தோடு பார்க்கிறான். அவனைப் பார்த்தால் அவன் என்ன மதம் என்று நமக்குக் கேட்கத் தோன்றவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஒரு கூட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசும்போது, அந்தக் கூட்டத்துக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது மறந்துவிடுகிறது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட ஆண்டர்சன் ஒரு நாளும் அதை மறக்கவில்லை. அவர் விட்டுப் போன கண்ணாடித் தகடுகளில் அந்த மனிதர்கள் இன்னும் அசையாமல் நிற்கிறார்கள்.